ஃபைண்டர் சரியா இருக்கா பாருங்க, பாய்!

டெலஸ்கோப் மாட்டிக் கொடுக்கிற தொழிலுக்கு வானத்தைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல, செல்போன் டவர் எங்கெங்க நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்.

நான் கேளம்பாக்கத்துல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்குறேன். பேரு ஷாகுல், சொந்த ஊரு கோவளம். பதினோரு வருஷமா ஃப்ரேம் வளைக்கிறது, லென்ஸ் பொருத்துறது, மூக்குல அழுத்துதுன்னு வர்றவங்களுக்குச் சரி பண்ணிக் கொடுக்குறது, இதான் என் பொழப்பு. கடை கோமதி மேடத்தோடது. கண்ணு டெஸ்ட் பண்றதும் அவங்கதான். ஊரடங்கு முடிஞ்ச கையோட ஓ.எம்.ஆர். ரோட்டுப் பக்கத்து ஐ.டி. கம்பெனி ஆளுங்க டெலஸ்கோப் கேட்டு வர ஆரம்பிச்சாங்க. மேடமும் வாங்கி அடுக்குனாங்க. வித்த மறுநாளே போன் வரும், ஒண்ணுமே தெரியலைன்னு. உடனே ஸ்குரூ டிரைவரும் கையுமா என்னை அனுப்பி வச்சிடுவாங்க.

தெரியாத ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய குழாய் மேல சின்னதா இன்னொரு குழாய் மாட்டியிருக்கும், அதுக்குப் பேரு ஃபைண்டர். பெரிய குழாய்ல வானம் துளியூண்டு தான் தெரியும், அத வச்சுகினு நிலாவைத் தேடுறதே பெரும்பாடு. அதனால சின்னக் குழாய்ல தேடி, பெரிய குழாய்ல பாக்கணும். ரெண்டும் ஒரே இடத்தைப் பாக்கணும்னா, பகல்லயே தூரத்துல ஒரு டவர் உச்சியைப் பெரிய குழாய்க்கு நட்ட நடுவுல கொண்டு வரணும். அப்புறம் சின்னக் குழாயோட திருகுங்களைத் திருகி, அதுல இருக்குற சிலுவைக் கோடும் அதே உச்சி மேல உக்கார வைக்கணும். பெருசு முதல்ல, சிறுசு அப்புறம். மாத்திப் பண்றவங்க இருக்குற வரைக்கும் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்ல.

இதுக்கு ஒரே ஒரு நல்ல கண்ணு வேணும். எனக்குச் சின்ன வயசுலேருந்தே இடது கண்ணு சோம்பேறி, எத்தனை கண்ணாடி போட்டாலும் மங்கல்தான். வலது கண்ணுதான் பள்ளிக்கூடம் போச்சு, வேலைக்கு வந்துச்சு. அந்தக் கண்ணோட நடுப்பாகம் போக ஆரம்பிச்ச எட்டு மாசத்துக் கதை இது. கண்ணு போனா வேலை போச்சு, பயம் அம்புட்டுதான். இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப்பேரு கண்ணாடியை மூக்கு மேல தள்ளி விட்டுகினுதான் படிப்பீங்க, உங்களுக்கு நான் ரொம்ப விளக்க வேணாம்.

கதவைத் தொறங்க

படூர்ல எட்டாவது மாடி. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சிறுசேரியில வேலை. பத்து நாளா நிலா மூணு மூணா தெரியுதுன்னு போன்ல ஒரே புலம்பல். போய்ப் பாத்தா, ஹால்ல ஏசி ஓடுது, பால்கனிக் கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கு, அதுக்கு இந்தப் பக்கம் டெலஸ்கோப் நிக்குது. “சார், கதவைத் தொறங்க”ன்னேன். அவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. “கொசு வரும் பாய்”ன்னாரு. கதவுக் கண்ணாடியும் ஒரு லென்ஸுதான் சார், அதுவும் மட்டமான லென்ஸுன்னு சொல்லிட்டு நானே தொறந்தேன்.

டெலஸ்கோப்பைப் பால்கனிக்குத் தள்ளி, சிறுசேரிப் பக்கம் ஒரு டவரைப் புடிச்சு, அஞ்சு நிமிஷத்துல ஃபைண்டரைச் சரி பண்ணிட்டேன். அன்னிக்கு வளர்பிறை, பாதி நிலா சாயங்காலம் நாலரைக்கே மேல நின்னுகினு இருந்துச்சு. சிலுவைக் கோட்டுல புடிச்சு, “வாங்கம்மா”ன்னு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டேன். குனிஞ்சவங்க நிமிரவே இல்ல. பள்ளமும் மேடும் நெழலும் அத்தனை பளிச்சுனு. அப்ப எனக்குக் கண்ணு நல்லா இருந்துச்சு, அவங்க பாத்ததை நானும் பாத்தேன். ரொம்ப நேரம் கழிச்சு நிமிந்து, புருஷனைப் பாக்காம என்கிட்ட சொன்னாங்க: “பத்து நாளா இவரு லென்ஸைத் தொடச்சுகினே இருந்தாரு பாய். கதவைத் தொறக்கணும்னு ஒரு வரி டெலஸ்கோப்போட வந்த புக்குல போட்டிருக்கலாம் இல்ல?”

காணாமப் போன கலசம்

செங்கல்பட்டுல பாத்திரக் கடை வச்சிருக்குற தேவராஜன், மாடியில டெலஸ்கோப் வாங்கி வச்சாரு. அவரு மாடியிலேருந்து டவர் எதுவும் வாகா மாட்டலை. தூரத்துல ஒரு கோயில் கோபுரம் தெரிஞ்சுது. சரி, கலசத்தைப் புடிப்போம்னு பெரிய குழாய்ல கண்ணை வச்சேன். கோபுரம் இருக்கு, கலசம் இல்ல. நடுவுல ஒரு சாம்பல் திட்டு. சுத்தி இருக்குற நேரான வரியெல்லாம் திட்டுக்கிட்ட வந்ததும் வளைஞ்சு போகுது. கண்ணு வைக்கிற லென்ஸு, அந்த ஐபீஸ்ல கோளாறுன்னு நெனச்சு வேற ஒண்ணு மாத்துனேன். அதுலயும் திட்டு. மூணாவதா ஒண்ணு மாத்துனேன். அதுலயும்.

எனக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே! கம்பெனிக்காரனைத் திட்டுனேன், கண்ணாடி தேச்சவனைத் திட்டுனேன். “உள்ள இருக்குற ஆடியே சரியில்ல சார், நாளைக்கு வேற கொண்டாறேன்”னு குழாயோட கழட்டி எடுத்துகினு வந்துட்டேன். மறுநாள் புதுசு மாட்டுனேன். கலசம் அப்பவும் இல்ல. வெயில் சூட்டுல காத்து நெளியுதுன்னு ஏதோ உளறிட்டு, குத்துமதிப்பா திருகி முடிச்சேன். தேவராஜன் ஓரமா நின்னு பாத்துகினே இருந்தாரு. நல்ல மனுஷன், குரலை ஒசத்தவே இல்ல. படி எறங்கும்போதுதான் கேட்டாரு: “நேத்து இருந்ததுலயும் கலசம் நல்லாத்தானே தெரிஞ்சுது பாய், நீங்க எதுக்கு அதை மாத்துனீங்க?”

மனப்பாடம்

எங்க கடையில எழுத்துப் பலகையை மாட்டுனதே நான்தான். மேல ஒரு பெரிய எழுத்து, கீழ வரவரச் சின்னது. பதினோரு வருஷமா தெனம் அம்பது பேரு அதைச் சத்தமா படிச்சு நான் கேட்டிருக்கேன். கண்ணை மூடிகினு கடைசி வரியைச் சொல்லுவேன். அந்த வாரமே மேடம் சும்மா பேச்சுவாக்குல, “பாய், உங்களுக்குப் பவர் செக் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சே”ன்னாங்க. உக்காந்தேன். மடமடன்னு ஒப்பிச்சேன். “பரவால்லையே, அப்படியே இருக்கு”ன்னு சந்தோஷப்பட்டாங்க. நானும் சிரிச்சேன். ஏன் அப்படிப் பண்ணேன்னு கேட்டீங்கன்னா, பயம். கண்ணு தெரியாதவனை எந்தக் கண்ணாடிக் கடையில வச்சிருப்பாங்க?

லீவு நாள்ல செங்கல்பட்டுக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில காட்டுனேன். அங்க பலகை வேற, ஒப்பிக்க முடியலை. அப்புறம் கட்டம் கட்டமா கோடு போட்ட ஒரு தாளைக் கையில கொடுத்து, நடுப்புள்ளியைப் பாருன்னாங்க. புள்ளியைக் காணோம், கோடெல்லாம் வளைஞ்சு கிடந்துச்சு. விழித்திரைக்கு நட்ட நடுவுல தழும்பு விழுந்திருக்குன்னு அந்த லேடி டாக்டர் சொன்னாங்க. எனக்கு மைனஸ் பவர் ரொம்ப அதிகம், அப்படிப்பட்டவங்களுக்கு வர்றதாம். முழுசா இருட்டாகாது, ஓரப் பார்வை நிக்கும், மாசம் ஒண்ணா ஊசி போட்டா மேல பரவாம நிறுத்தலாம், ஆனா போனது போனதுதான். அன்னிக்கே மொத ஊசி போட்டாங்க. வூட்டுக்காரி ஜன்னத்துகிட்ட கண்ணுல தூசுன்னு சொன்னேன். அடுத்த ஊசிக்கு லீவு கேட்டா மேடம் எதுக்குன்னு கேப்பாங்களேன்னு நான் போகவே இல்ல. டாக்டரம்மா சீட்டெழுதும்போது இன்னா வேலை செய்யறேன்னு கேட்டதுக்கு உண்மையைச் சொல்லித் தொலைச்சேன். பேனாவை வச்சுட்டு சொன்னாங்க: “இத்தனை வருஷமா எத்தனை பேரை நாற்காலியில உக்கார வச்சிருப்பீங்க, ஒரு தடவை நீங்க ஒழுங்கா உக்காந்திருக்கலாமே.”

நல்ல வாத்தியாரு

தெரியாதவன் வேலையை விட்டுட்டானான்னா, அதான் இல்ல. வழி கண்டுபுடிச்சேன். கல்பாக்கத்துல சுந்தரேசன்னு ஒரு சார், அணு ஆராய்ச்சியில வேலை. தென்காசிப் பக்கத்துக்காரர். டெலஸ்கோப்போட வந்த புத்தகத்தை அடிக்கோடு போட்டுப் படிச்சு வச்சிருந்தாரு. அவரு முன்னாடி தப்புப் பண்ணா மாட்டிக்குவேன். அதனால கையைக் கட்டிகினு நின்னுட்டேன். “நீங்களே பண்ணுங்க சார், நான் சொல்றேன். பெரிய குழாய்ல டவர் உச்சி வந்துச்சா? நடுவுலயா, ஓரமாவா? எந்தப் பக்கம் ஓரம்? இப்ப சின்னதுக்கு வாங்க. சிலுவை எங்க நிக்குது? இடது திருகைக் கால் சுத்து தளத்துங்க. இப்ப?” இப்படியே கேள்வியா கேட்டுகினு இருந்தேன். அவரு சொல்லச் சொல்ல என் மனசுக்குள்ள படம் வந்துச்சு. முக்கால் மணி நேரம் ஆச்சு. ஃபைண்டர் கச்சிதமா உக்காந்துச்சு, நான் ஒரு தடவைகூடக் குனியலை.

சாயங்காலம் அவரே ஒரு நட்சத்திரத்தைப் புடிச்சு, அது ரெண்டு நட்சத்திரமா பிரிஞ்சு தெரியுதுன்னு குழந்தையாட்டம் கத்துனாரு. அவரு சிநேகிதங்க நாலு பேருகிட்ட என் பேரைச் சொன்னாரு. கடைக்குப் போன் மேல போன். ஷாகுல் பாயையே அனுப்புங்கன்னு கேக்குறாங்க. மேடத்துக்குப் பெருமை தாங்கலை. பாராட்டு வாங்குறது இத்தனை கஷ்டமா இருக்கும்னு எனக்கு அதுக்கு முன்னாடி தெரியாது. கெளம்பும்போது சுந்தரேசன் சார் என் ரெண்டு கையையும் புடிச்சுகினு சொன்னதை நெனச்சா இப்பவும் கூசுது: “இதுவரைக்கும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்க எல்லாரும் அவங்க பாத்துட்டு என்னைத் தள்ளி விட்டாங்க பாய், நீங்க ஒருத்தர்தான் என் கண்ணை நம்புனீங்க.”

ஒரு ‘சரி’

மாமல்லபுரத்துல புவனான்னு ஒருத்தங்க. ஒரு ரிசார்ட்ல ரிசப்ஷன் வேலை. சனி கிரகத்தோட வளையத்தை ஒரே ஒரு தடவை சொந்தக் கண்ணால பாக்கணும்னு ஆசை. வூட்டுக்காரரு, இதெல்லாம் உனக்கு எதுக்குன்னு கேலி பண்ணிகினே இருப்பாராம், அதையும் மீறி வாங்கிட்டாங்க. நான் போகும்போது மழை புடிச்சு, நின்னு, பொழுது சாஞ்சிடுச்சு. கலங்கரை விளக்கத்தையே குறி வச்சுக்கலாம்னு சொல்லி, வழக்கம்போல கேள்வி கேட்டே பண்ண வச்சேன். எல்லாம் முடிஞ்சு அவங்க சொன்னாங்க, “நான் பாத்தது சரியான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு, நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க பாய்.” இதை மட்டும் யாரும் கேட்டுடக் கூடாதுன்னு தெனம் வேண்டிக்குவேன். குனிஞ்சேன். நடுவுல திட்டு, சுத்தி ஏதோ வெளிச்சம். “சரியா இருக்கும்மா”ன்னேன். பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சுன்னு கெளம்பி வந்துட்டேன்.

மூணு வாரம் கழிச்சு நானேதான் போன் பண்ணேன், மனசு கேக்கலை. பதினோரு நாள் மாடியில நின்னு பாத்தாங்களாம். ஃபைண்டர்ல சனி சிலுவை மேல நிக்குமாம், பெரிய குழாய்ல கண்ணை வச்சா வெறும் இருட்டாம். அன்னிக்குப் பெரிய குழாய்ல லைட்டு சுத்துச்சாம்மான்னு கேட்டேன், இல்ல, அசையாம எரிஞ்சுதுன்னாங்க. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. பெரிய குழாய்ல அவங்க புடிச்சிருந்தது கலங்கரை விளக்கமே இல்ல, பக்கத்துல ஏதோ ஓட்டல் கம்பத்து லைட்டு; சின்னதுல மட்டும்தான் கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கம் சுத்திச் சுத்தி அடிக்கும், கம்பத்து லைட்டு அசையாம எரியும். கண்ணு இருக்குறவன் ஒரு நொடி பாத்திருந்தா கண்டுபுடிச்சிருப்பான். “நாளைக்கே வரேம்மா”ன்னேன். வேணாம்னுட்டாங்க, பரண்ல ஏத்தியாச்சாம். வூட்டுக்காரரு, நான் சொன்னேன் இல்லன்னு சிரிச்சாராம். இதைச் சொல்லும்போது அவங்க குரல்ல கோவமே இல்ல, அதான் என்னைக் கொன்னுச்சு: “நீங்க பாத்துட்டு சரின்னு சொன்னீங்க இல்ல பாய், அதனால எனக்குத்தான் பாக்கத் தெரியலைன்னு விட்டுட்டேன்.”

இருபத்தொம்பதாம் நோம்பு

கோவளத்துல கடலு கிழக்கால. பிறை வர்றது மேக்கால. அதனால ரம்ஜான் பிறை பாக்குற அன்னிக்கு நாங்க கடலுக்கு முதுகைக் காட்டிகினு நிப்போம். பள்ளிவாசல் மொட்டைமாடியில ஏறுனா காயல் தெரியும், அதுக்கு அந்தாண்ட படூர்ப் பக்கத்து அடுக்குமாடிங்க. கட்டடம் ஏற ஏற எங்களுக்கு வானம் கொறைஞ்சுகினே வருது. அதனால ரெண்டு வருஷமா எங்க பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் என்னை டெலஸ்கோப்போட கூப்பிடுவாரு. எங்க பள்ளிவாசல்ல பிறைக்குச் சாட்சி வெறுங்கண்ணால பாத்ததுதான், டெலஸ்கோப் இடத்தைக் காட்டுறதுக்கு மட்டும். நான் கட்டடத்துக்கு இம்புட்டு மேலன்னு கை காட்டுனா, எல்லாரும் அங்க பாப்பாங்க. இந்த வருஷம் ஒடம்பு சரியில்லன்னு சொல்லிப் பாத்தேன். ஹஜ்ரத் வூட்டுக்கே பைக்கை அனுப்பிட்டாரு.

நோம்பு தொறந்து, சாயங்கால மஃரிப் தொழுதுட்டு, அறுபது எழுபது பேரு மாடியில. கீழ தெருவுல அதைவிட ஜாஸ்தி. நாளைக்குப் பெருநாளா, இன்னொரு நோம்பான்னு ஊரே அண்ணாந்து நிக்குது. டைலர் கடையில தையல் மிஷின் நிக்காம ஓடிகினு இருக்கு. கண்ணை வச்சேன். திட்டு. தெரிஞ்ச வித்தையை எல்லாம் பண்ணேன், நேராப் பாக்காம பார்வையைப் பக்கத்துல ஒதுக்கிப் பாத்தேன். வந்துச்சு. மெல்லிசா, தங்க நெறத்துல, வளைவா ஒரு கோடு. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. “இன்னா மச்சான், தெரியுதா?”ன்னு பின்னால ரஹீம் கேக்குறான். மீன் ஏலம் விடுறவன், என் கூடப் படிச்சவன். தெரியுதுன்னு சொல்ல வாயைத் தொறந்துட்டேன். நான் கை காட்டுனா போதும், இருக்குற ஆசைக்கு அதுல பத்துப் பேருக்குப் பிறை தெரிஞ்சிடும். அப்பத்தான் அந்தக் கட்டம் போட்ட தாளு ஞாபகம் வந்துச்சு. என் கண்ணுக்கு எந்தக் கோடுதான் வளையாம இருக்கு?

நிமிந்தேன். “ஹஜ்ரத், எனக்கு வளைவா ஒண்ணு தெரியுது. ஆனா என் கண்ணுக்கு நேர்க்கோடும் வளைஞ்சுதான் தெரியும். நடுவுல சுத்தமா தெரியாது. எட்டு மாசமா இப்படித்தான், யாருகிட்டயும் சொல்லலை. என் பேச்சை எடுத்துக்காதீங்க”ன்னேன். அத்தனை பேரும் வானத்தை விட்டுட்டு என்னைப் பாத்தாங்க. ரஹீம் என்னை மெதுவா நகத்திட்டு அவன் குனிஞ்சான். “பிளேன் போன கோடு மச்சான், ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா கீது”ன்னான். சொல்லிட்டு என் தோள்ல போட்ட கையை அவன் எடுக்கவே இல்ல. பிறை மறையுற நேரம் தாண்டுற வரைக்கும் எல்லாரும் பாத்தாங்க, யாருக்கும் தெரியலை, வேற ஊருலேருந்தும் தகவல் இல்ல. எனக்கு அழுகை முட்டுச்சு, அழுதுட்டேன். அத்தனை பேரு முன்னாடி நாப்பத்தாறு வயசு ஆம்பள. ஹஜ்ரத் கீழ எறங்குறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து சொன்னாரு: “தெரியலைன்னு சொன்ன பாரு, அதுவரைக்கும் நல்லது. நாளைக்கும் நோம்பு. பெருநாள் முடிஞ்ச கையோட நீ ஆஸ்பத்திரிக்குப் போ.”

மேடம் எடுத்த டெஸ்ட்

ஊருக்கே சொல்லியாச்சு, இனி மேடத்துக்கு மறைச்சு இன்னா ஆகப்போகுது. பெருநாள் முடிஞ்சு கடைக்குப் போன அன்னிக்கு, ஷட்டர் தூக்குன உடனே நின்னபடியே சொல்லிட்டேன். அவங்க செவுத்துல இருந்த பலகையைக் கழட்டி, பீரோவுலேருந்து வேற பலகை எடுத்து மாட்டுனாங்க. நாற்காலியைக் காட்டுனாங்க. நான் பெரிய எழுத்தையே தடவித் தடவிச் சொன்னேன், அடுத்த வரி வரலை. டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. நான் விட்ட ஊசி எத்தனைன்னு கேட்டாங்க. சொன்னேன். அதைப் போட்டிருந்தா இதுல பாதியாவது நின்னிருக்கும்னு சொன்னாங்க. எனக்கும் அது தெரியும்தான்.

அன்னிக்கே கடையைச் சாத்திட்டு அவங்களே செங்கல்பட்டுக்குக் கூட்டிகினு போனாங்க. திரும்பி வரும்போது காருல ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, இந்த எட்டு மாசத்துல நான் பாக்காமலே சரின்னு சொல்லிட்டு வந்த வூடுங்களை எழுதச் சொன்னாங்க. பதினாலு வந்துச்சு. வேலையை விட்டுத் தூக்கலை. இனிமே வாங்குனவங்க வாயால சரின்னு சொல்ற வரைக்கும் நான் அந்த வூட்டை விட்டுக் கெளம்பக் கூடாது, நான் சரின்னு சொல்லவே கூடாது, அதான் சட்டம். திட்டுவாங்கன்னு காத்துகினே இருந்தேன். கேளம்பாக்கம் சிக்னல்ல வண்டி நின்னப்பதான் ரோட்டைப் பாத்தபடியே சொன்னாங்க: “என் பக்கத்து நாற்காலியில உக்காந்துகினு ஒரு மனுஷனுக்குக் கண்ணு போயிருக்கு, எனக்குத் தெரியலை. அடுத்தவன் கண்ணைப் பாக்குறேன்னு நான் எதுக்கு பாய் போர்டு வச்சுகினு இருக்கேன்?”

வியாழனும் நாலு புள்ளியும்

பதினாலு வூட்டுக்கும் போனேன். பத்து வூட்டுல அவங்களாவே சரி பண்ணிகினு இருந்தாங்க. மூணு வூட்டுல டெலஸ்கோப் மேல துணி காஞ்சுகினு இருந்துச்சு, எறக்கிக் கேள்வி கேட்டுச் சரி பண்ண வச்சேன். கடைசியா மாமல்லபுரம். வேணும்னேதான் கடைசியா வச்சேன், வேற இன்னா. புவனா கதவைத் தொறந்ததும் வாசல்லயே சொன்னேன், “அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலைம்மா. தெரியாமதான் சரின்னு சொன்னேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல.” அவங்க என் கண்ணாடியை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் உள்ள திரும்பி, “ஏங்க, பரண்லேருந்து அதை எறக்குங்க”ன்னாங்க. வூட்டுக்காரரே எறக்குனாரு.

கலங்கரை விளக்கத்தை வச்சு அவங்களே பண்ணாங்க. சுத்தி அடிக்குதா, அசையாம எரியுதான்னு மட்டும் மூணு தடவை கேட்டேன். சனி அதுக்குள்ள மேக்கால எறங்கி மறைஞ்சு போச்சு, இனி அது சாயங்காலத்துக்குத் திரும்பி வர மாசக்கணக்கா ஆகும். எத்தனை திருகு திருகுனாலும் அதை நான் கொண்டாந்து கொடுக்க முடியாது. வியாழன் மட்டும் உச்சியில நின்னுகினு இருந்துச்சு. புடிச்சாங்க. “நடுவுல உருண்டையா, ரெண்டு பட்டையோட. பக்கத்துல ஒரே வரிசையில நாலு புள்ளி”ன்னு மூச்சு விடாம சொன்னாங்க. அதுங்க நாலும் வியாழனோட நிலாங்கன்னேன். அப்புறம் நகந்துகினு, “நீங்க பாருங்க, உங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே சொல்லுங்க”ன்னாங்க. குனிஞ்சேன். வியாழன் இல்ல. அது இருக்க வேண்டிய இடத்துல சாம்பல். ஆனா அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு, நாலு புள்ளியும் இருந்துச்சு. “நடுவுல ஒண்ணும் இல்லம்மா, நிலா நாலும் தெரியுது”ன்னேன். எட்டு மாசத்துல மொத தடவையா, வாங்குனவங்க முன்னாடி, இருக்குறதை இருக்குன்னும் இல்லாததை இல்லன்னும் சொன்னேன். அவங்க கண்ணைத் தொடச்சுகினாங்க, ஆனா குரல் கண்டிப்பாதான் இருந்துச்சு: “இத்தனை நாளா என்னை நானே முட்டாள்னு நெனச்சுகினு இருந்தேன் பாய். தெரியலைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் பாத்துச் சொல்லியிருப்பேன் இல்ல?”

இந்தச் சுத்துவட்டாரத்துல கண்ணாடி மாட்டிகினவங்க ஆயிரம் பேரு இருப்பாங்க, ஆனா ‘தெரியலை’ன்னு ஒரு வார்த்தை சொல்ல எட்டு மாசம் எடுத்துகினதுல எனக்குப் போட்டியா ஒருத்தன் வரட்டும் பாக்கலாம்.